லினக்ஸ் நிறுவனங்கள் எதை விற்கின்றன? வன்னியின் கணினிகளை முன்வைத்து ஒரு விளக்கம்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரத்திலோ, புதுக்குடியிருப்புச் சந்தியிலோ, வவுனியா நகரத்திலோ உள்ள கணினி திருத்தும் கடையொன்றில் அரை மணித்தியாலம் நின்றால் ஒரு வாக்கியம் கட்டாயம் காதில் விழும்: “தம்பி, இதை ஒருக்கா போமற் அடிச்சுத் தாங்கோ.” கடைக்காரர் தன்னிடமுள்ள பென்டிரைவைச் செருகி விண்டோஸின் பிரதியொன்றை நிறுவுகிறார், அது உரிமம் பெற்றதுபோலக் காட்டும் சிறு நிரலொன்றை ஓட விடுகிறார், வேர்ட், எக்செல், போட்டோசொப், பாமினி எழுத்துரு என வழமையான கட்டு முழுவதையும் ஏற்றிக் கொடுத்து, தன் வேலைக்குரிய கூலியைப் பெற்றுக்கொள்கிறார். அந்தக் கூலியில் மென்பொருளைச் செய்தவர்களுக்கு ஒரு சதமும் போவதில்லை. வாடிக்கையாளருக்கோ மென்பொருளுக்கு விலை என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை.

இந்த ஒழுங்கு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதி சற்று ஆட்டங்கண்டது. அன்றுடன் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்ட கணினிகளுக்கு மட்டும் மேலும் சிறிது காலம் கிடைத்தது. விண்டோஸ் 11ஐ முறைப்படி நிறுவுவதற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை முதலான செயலியும் வேண்டும். கொழும்பிலிருந்து பாவித்த நிலையில் வந்து வன்னியில் விலைப்படும் மடிக்கணினிகளில் பல அதற்கு முந்தியவை. அவற்றை என்ன செய்வது என்ற கேள்வி எழும்போதெல்லாம், “லினக்ஸ் இருக்கிறதே, அது இலவசந்தானே” என்ற பதிலும் கூடவே எழுகிறது. லினக்ஸ் என்பது விண்டோஸின் இடத்தில் நின்று கணினியை இயக்கக்கூடிய மென்பொருள்.

பதில் தவறில்லை, ஆனால் காரணம் இங்கே வேலை செய்யாது. எல்லா மென்பொருளும் ஏற்கெனவே விலையில்லாமல் கிடைக்கும் சந்தையில் “இலவசம்” என்பது ஒரு தகுதியே அல்ல. லினக்ஸை வணிக நிறுவனங்களுக்கும் வீட்டுப் பாவனையாளருக்கும் கொண்டுசெல்வதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கின்றன. அவற்றுள் சில பெரும் இலாபமும் ஈட்டியிருக்கின்றன. எவரும் விலையின்றிப் பெறக்கூடிய பொருளை வைத்து அவை எதை விற்கின்றன என்று பார்த்தால்தான், வன்னிக் கடையின் மேசைக்கு லினக்ஸ் ஏன் வந்து சேரவில்லை என்பதும் விளங்கும்.

கருவும் கட்டும்

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஓகஸ்ட் மாதம் அறிவித்தது ஒரு முழு இயங்குதளத்தை அன்று, அதன் கருவை மட்டுமே. நமது பாடசாலைப் புத்தகங்கள் ‘பணிசெயல் முறைமை’ என்று அழைப்பதை இக்கட்டுரை இயங்குதளம் என்றே குறிப்பிடுகிறது, இரண்டும் ஒன்றே. கரு என்பது வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் நடுவே நின்று நினைவகத்தையும் வட்டையும் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதி. அதைச் சுற்றித் தேவைப்பட்ட கருவிகளிற் பெரும்பகுதி, ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983இல் அறிவித்த க்னூ திட்டத்திலிருந்து வந்தது. அத்திட்டத்தின் பொது உரிமமான ஜிபிஎல்லின் கீழ் 1992இல் டோர்வால்ட்ஸ் தன் கருவையும் கொண்டுவந்தார். மென்பொருளை எவரும் பாவிக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், பிரதியெடுத்துக் கொடுக்கலாம், விற்கவுங்கூடச் செய்யலாம். ஆனால் அதைப் பெறுபவருக்கும் மூலநிரலையும் (நிரலாளர் எழுதிய வடிவிலுள்ள நிரல்) அதே உரிமைகளையும் கொடுக்க வேண்டும் என்பதே அவ்வுரிமத்தின் சாரம்.

கருவையும் கருவிகளையும் திரையில் தெரியும் சாளரங்களையும் அலுவலக மென்பொருளையும் ஒன்றாகச் சேர்த்து, ஒன்றோடொன்று இசையுமாறு சோதித்து, நிறுவுவதற்கு ஏற்ற ஒரே கட்டாகக் கொடுப்பதே வழங்கல். உபுண்டு, பெடோரா, டெபியன், மின்ட் என்பனவெல்லாம் இவ்வாறான வழங்கல்கள். கைப்பேசியிலுள்ள அன்ட்ரொயிட்டும் லினக்ஸ் கருவின் மீதே ஓடுகிறது என்பதால், “எனக்கு லினக்ஸ் பழக்கமில்லை” என்று சொல்லும் முல்லைத்தீவுக் கடற்றொழிலாளியின் சட்டைப்பையில்கூட அது இருக்கக்கூடும்.

பொறுப்பை விற்றவர்கள்

1993இல் பொப் யங்கும் மார்க் ஈவிங்கும் அமெரிக்காவில் தொடங்கிய ரெட் ஹற், ஆரம்பத்தில் இறுவட்டுகளையும் கையேடுகளையும் பெட்டியிலிட்டு விற்றது. 1999 ஓகஸ்டில் பங்குச் சந்தைக்கும் வந்தது. ஆனால் பெட்டி விற்பதில் ஒரு அடிப்படைச் சிக்கல் இருந்தது: ஒருவர் வாங்கினால் நூறு பேர் சட்டப்படியே பிரதியெடுக்கலாம். ஆகவே 2002இல் நிறுவனம் தன் பாதையை மாற்றி, தொழில் நிறுவனங்களுக்கென்று தனியான லினக்ஸ் பதிப்பொன்றை வெளியிட்டு, அதை ஆண்டுச் சந்தாவாக விற்கத் தொடங்கியது. பொதுமக்களுக்கான பழைய ரெட் ஹற் லினக்ஸ் 2003இல் வந்த 9ஆம் பதிப்புடன் முடிவுக்கு வந்தது. வீட்டுப் பாவனையாளருக்கும் ஆர்வலருக்கும் பெடோரா என்ற சமூகத் திட்டம் ஒதுக்கப்பட்டது.

அந்தச் சந்தாவில் வாங்கப்படுவது நிரலன்று. வங்கியொன்றின் சேவையகத்தில், அதாவது பிற கணினிகளுக்குச் சேவை வழங்கும் கணினியில், ஓடும் பதிப்புக்குப் பத்தாண்டுகள் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், அத்திருத்தங்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை உடைக்காது, குறித்த தரவுத்தளமும் குறித்த வன்பொருளும் அதில் ஓடும் என்று சான்றளிக்கப்பட்டிருக்கும், நள்ளிரவில் ஒன்று நின்றுபோனால் தொலைபேசியை எடுக்க ஒருவர் இருப்பார் என்னும் வாக்குறுதிகளே அங்கே விலைப்படுகின்றன. வன்னி விவசாயிக்கு இது புதிய ஏற்பாடல்ல. இரணைமடுக் குளத்துத் தண்ணீருக்கு யாரும் விலைச்சீட்டு எழுதுவதில்லை. ஆனால் வாய்க்கால் துப்புரவுக்கும் கதவு திறக்கும் முறைக்கும் கமக்கார அமைப்பு ஒன்று இல்லாவிட்டால் கடைவாய்க்கால் வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேராது. ரெட் ஹற் வாய்க்காலுக்குப் பணம் வாங்கியது. 2012 பெப்ரவரியில் முடிந்த நிதியாண்டில் அதன் வருமானம் 1 பில்லியன் டொலரைக் கடந்தது. 2019 ஜூலையில் ஐபிஎம் சுமார் 34 பில்லியன் டொலர் கொடுத்து நிறுவனத்தையே வாங்கியது.

வாக்குறுதிதான் சரக்கு என்றால், அச்சரக்கை விலையில்லாமல் அருகில் வைத்திருப்பது வணிகத்துக்கு நெருடலானது. ரெட் ஹற்றின் மூலநிரலைக் கொண்டு, சந்தா இல்லாமல், அதே இயங்குதளத்தை சென்ட்ஓஎஸ் என்ற பெயரில் ஒரு சமூகம் வழங்கிவந்தது. சிறிய நிறுவனங்களும் இணையத்தள வழங்குநரும் உலகெங்கும் அதை நம்பியிருந்தனர். 2014இல் அத்திட்டம் ரெட் ஹற்றின் கைக்கு வந்தது. 2029 வரை நீளும் என்று எதிர்பார்க்கப்பட்ட சென்ட்ஓஎஸ் 8, 2021 இறுதியுடனேயே முடியும் என்று 2020 டிசெம்பரில் திடீரென அறிவிக்கப்பட்டது. அதன் வெற்றிடத்தை நிரப்ப ரொக்கி லினக்ஸும் அல்மா லினக்ஸும் பிறந்தன. 2023இல் மூலநிரலைப் பொதுவெளியில் வைக்கும் வழியையும் ரெட் ஹற் சுருக்கியது. உரிமத்தை மீறாமலே இவற்றையெல்லாம் செய்யலாம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்: நிரல் உங்களிடமிருந்து பறிக்கப்படவில்லை, பராமரிப்பு மட்டுமே நிறுத்தப்பட்டது. விலை கொடுக்காதவருக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் இத்துறையில் இல்லை என்பது என் கருத்து.

வீட்டு வாசலில் தோற்றவர்கள்

சேவையகத்தில் வென்றது வீட்டு மேசையில் வெல்லவில்லை. 2001இல் மைக்கல் ரொபர்ட்சன் தொடங்கிய லின்டோஸ் நிறுவனம், விண்டோஸுக்குப் பழகிய சாதாரண மக்களுக்காகவே ஒரு லினக்ஸைச் செய்தது. 2002இல் அமெரிக்காவின் வோல்மார்ட் 199 டொலருக்கு விற்ற மலிவுக் கணினிகளில் அது ஏற்றப்பட்டிருந்தது. பெயரின் ஒற்றுமைக்காக மைக்ரோசொப்ட் வழக்குப் போட்டது. வழக்கு நீண்டு, ‘விண்டோஸ்’ என்ற சொல்லே ஒரு பொதுச்சொல்தானோ என்ற சங்கடமான கேள்வியை நோக்கி நகர்ந்த வேளையில், 2004இல் மைக்ரோசொப்ட் 20 மில்லியன் டொலர் கொடுத்து இணக்கத்துக்கு வந்தது. லின்டோஸ் லின்ஸ்பயர் ஆயிற்று. மென்பொருள் விற்றதைவிட வழக்கில் பெற்றது நினைவில் நிற்கும் அந்நிறுவனத்தின் சொத்துகளை 2008இல் சான்ட்ரோஸ் வாங்கிக்கொண்டது. பிரான்சின் மான்ட்ரேக், பின்னர் மான்ட்ரிவா என்று பெயர் மாறி, 2015இல் கலைக்கப்பட்டது. வீட்டுப் பாவனையாளர் இயங்குதளத்துக்குத் தனியே பணம் கொடுப்பதில்லை. அவர் கணினி வாங்குகிறார், அதில் இருப்பது இருக்கிறது. அமெரிக்காவுக்கும் வன்னிக்கும் இந்த ஒரு விடயத்தில் வேறுபாடு குறைவு.

இப்பாடத்தை எல்லோரிலும் அதிகச் செலவு செய்து கற்றது கனோனிக்கல் நிறுவனம். தென்னாபிரிக்கரான மார்க் சட்டில்வேர்த் ‘தோட்’ (Thawte) என்ற தன் இணையப் பாதுகாப்பு நிறுவனத்தை 1999இல் வெரிசைன் நிறுவனத்துக்குச் சுமார் 575 மில்லியன் டொலருக்கு விற்றவர். 2002 ஏப்ரலில் சோயுஸ் விண்கலத்தில் சொந்தச் செலவில் விண்வெளிக்குச் சென்று வந்தவர். 2004இல் அவர் கனோனிக்கலை நிறுவி, அவ்வாண்டு ஒக்டோபர் 20இல் டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவின் முதற் பதிப்பை வெளியிட்டார். உபுண்டு என்பது பிற மனிதர்பாற் கொள்ளும் மனிதநேயத்தைக் குறிக்கும் தென்னாபிரிக்கச் சொல். பதிப்பு எண்ணே வெளியான ஆண்டையும் மாதத்தையும் சொல்லும்: 4.10 என்றால் 2004 ஒக்டோபர், 24.04 என்றால் 2024 ஏப்ரல். ஆறு மாதங்களுக்கு ஒரு முறை புதிய பதிப்பு, 2006 முதல் ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒரு முறை நீண்டகாலம் பராமரிக்கப்படும் பதிப்பு என்ற கடிகார ஒழுங்கை நிறுவனம் கடைப்பிடித்தது. இந்த ஒழுங்கே அதன் முதல் உண்மையான வெற்றி என்பேன். ஏனெனில் திகதி தெரிந்தால்தான் ஒரு அலுவலகம் திட்டமிட முடியும்.

திட்டத்தின் பிழைப் பட்டியலில் சட்டில்வேர்த் 2004இலேயே பதிந்த முதலாவது பிழை, ‘சந்தையில் பெரும்பங்கு மைக்ரோசொப்டிடம் இருக்கிறது’ என்பதாக இருந்தது. அதைத் திருத்தும் முயற்சியாக, விலாசம் கொடுத்தவர்க்கெல்லாம் தபாற்செலவும் வாங்காமல் இறுவட்டுகளை உலகெங்கும் அனுப்பும் ‘சிப்இட்’ சேவையை நிறுவனம் 2011 ஏப்ரல் வரை நடத்தியது. 2007 மே மாதம் டெல் நிறுவனம் உபுண்டு ஏற்றிய கணினிகளை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. கைப்பேசிக்கும் கணினிக்கும் ஒரே முகம் வேண்டும் என்று யுனிட்டி என்ற இடைமுகம் செய்யப்பட்டது. 2013இல் உபுண்டு எட்ஜ் என்ற கைப்பேசிக்காகப் பொதுமக்களிடம் 32 மில்லியன் டொலர் கேட்கப்பட்டு, சுமார் 12.8 மில்லியன் மட்டுமே உறுதியளிக்கப்பட்டதால் அத்திட்டம் கைவிடப்பட்டது. கணினியில் தேடுபவருக்கு அமேசன் கடைப் பொருள்களைக் காட்டிப் பணம் பார்க்கும் முயற்சி 2012இல் பலத்த கண்டனத்தைப் பெற்றது. 2013 மே மாதம், கைப்பேசிகளும் பலகைக் கணினிகளும் சந்தையையே மாற்றிவிட்டன என்று காரணம் கூறி முதலாவது பிழை மூடப்பட்டது. அதை மூட உதவியவற்றுள் லினக்ஸ் கருவில் ஓடும் அன்ட்ரொயிட் இருந்தது, உபுண்டு இருக்கவில்லை. 2017 ஏப்ரலில் யுனிட்டியும் கைப்பேசித் திட்டமும் நிறுத்தப்பட்டன.

நிறுவனத்தைத் தாங்கியது அதே வழங்கல்தான், ஆனால் வேறோர் இடத்தில்: இணையத்தின் வழியே வாடகைக்குக் கிடைக்கும் மேகக் கணிமைச் சேவையகங்களில். அங்கே உபுண்டு மிகப் பரவலாகப் பயன்படுகிறது. அங்கேதான் பராமரிப்புக்குப் பணம் கொடுப்போரும் இருக்கின்றனர். நீண்டகாலப் பதிப்புக்கு எல்லோருக்கும் ஐந்தாண்டுத் திருத்தங்கள் இலவசம்; அதற்கு மேற்பட்ட ஆண்டுகளும் ஆயிரக்கணக்கான துணைப் பொதிகளுக்கான திருத்தங்களும் ‘உபுண்டு புரோ’ என்ற சந்தாவுக்குள் வரும். 2022இல் அதை அறிவித்தபோது மேசைக் கணினிக்கு ஆண்டுக்கு 25 டொலர், சேவையகத்துக்கு 500 டொலர் என்று விலை குறித்தனர். தனிநபருக்கும் சிறிய அளவிலான தொழிலுக்கும் 5 கணினிகள் வரை விலையில்லை என்றும் அறிவித்தனர். நான்கு கணினிகளோடு இயங்கும் ஒரு தனியார் கல்வி நிலையத்துக்கோ ஒரு அரிசி ஆலை அலுவலகத்துக்கோ இந்த எண்ணிக்கை போதும். ஆனால் அந்தச் சலுகையில் திருத்தங்கள் மட்டுமே வரும்; அச்சுப்பொறி நின்றுபோனால் மல்லாவிக்கு மோட்டார் சைக்கிளில் வருவதற்கு ஒருவர் அதில் அடங்கவில்லை.

வன்னியின் கணினிக் காலம்

மேசைக் கணினி லினக்ஸின் உற்சாகமான ஆண்டுகள் வன்னிக்கு எப்படி இருந்தன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உபுண்டுவின் முதற் பதிப்பு வந்தபோது போர்நிறுத்தக் காலம். 2002இல் திறந்த ஏ9 வீதியில் போக்குவரத்து இருந்தது. இரண்டு மாதங்களில், 2004 டிசெம்பர் 26இல், ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. அவ்வனர்த்தத்தின் மறுவாரங்களில் இலங்கையின் தன்னார்வ நிரலாளர்கள், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவதற்குச் ‘சகானா’ என்ற திறந்த மூல (மூலநிரல் எவருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளைச் செய்தனர். அது பின்னர் பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. திறந்த மூலத்தில் இந்நாட்டுக்கு ஆற்றல் இல்லாமற்போகவில்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். 2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டது. மின்வலையமைப்பிலிருந்து நெடுங்காலம் துண்டிக்கப்பட்டிருந்த நிலத்தில், மின்பிறப்பாக்கியின் எரிபொருளை எண்ணிக் கணினியை இயக்கியவர்களுக்கு, டெல்லும் உபுண்டுவும் கைகோத்த செய்தி எந்தப் பொருளும் உடையதாக இருந்திருக்காது.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 22இல் விண்டோஸ் 7 வெளியானது. இடம்பெயர்ந்த மக்கள் தாங்கள் தங்கவைக்கப்பட்ட மெனிக் முகாமிலிருந்து திரும்பி, பாடசாலைகளும் செயலகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் கடைகளும் மீளத் தொடங்கி, மின்கம்பிகள் ஒவ்வொரு ஊராக வந்து, பெருந்தொகையில் கணினிகள் வாங்கப்பட்ட ஆண்டுகள் விண்டோஸ் 7இன் ஆண்டுகளாகவே அமைந்தன. வேறு இடங்களில் பழக்கம் பத்திருபது ஆண்டுகளாகப் படிந்தது. இங்கே அது ஓரிரு ஆண்டுகளில் மொத்தமாக வந்து இறங்கியது. பயிற்சி நிலையச் சான்றிதழும் வேலை விளம்பரமும் வேர்ட், எக்செல் என்ற பெயர்களையே கேட்டன. கணினி என்பதும் விண்டோஸ் என்பதும் ஒரே பொருளுடைய சொற்களாயின.

விலையின் கணக்கைப் பார்த்தால் விண்டோஸ் இங்கே நின்றிருக்கவே கூடாது. விண்டோஸ் 11இன் வீட்டுப் பதிப்புக்கு அமெரிக்காவில் குறித்த விலை 139 டொலர். டொலர் 200 ரூபாயாக இருந்த 2022இன் தொடக்கத்தில் அது சுமார் 28,000 ரூபாய். அதே ஆண்டில் டொலர் 360ஐத் தொட்டபோது சுமார் 50,000 ரூபாய். பாவித்த மடிக்கணினியின் விலையோடு போட்டியிடும் தொகை இது. ஆனால் அந்தத் தொகையை எவரும் கொடுக்கவில்லை என்பதால் ரூபாயின் வீழ்ச்சி விண்டோஸை அசைக்கவில்லை. மென்பொருளுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பளிக்கும் புலமைச் சொத்துச் சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமாக இருக்கிறது. அது சிறு கடையின் மேசைவரை வருவது அரிது. லினக்ஸ் போட்டியிட வேண்டியிருப்பது 139 டொலரோடு அன்று, சுழியத்தோடு.

அந்தச் சுழியத்துக்கும் செலவு உண்டு. அது வேறு கணக்கில் எழுதப்படுகிறது. உரிமத்தை ஏமாற்றும் நிரலை ஓட விடுவதற்கு முதலில் வைரஸ் தடுப்பை நிறுத்த வேண்டும். நிறுத்திய பின் அந்த நிரலோடு வேறு எது உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியாது. புதுப்பித்தால் ‘பிடிபட்டுவிடும்’ என்ற அச்சத்தில் புதுப்பித்தலும் நிறுத்தப்படுகிறது. பின்னர் போட்டோக் கொப்பிக் கடைக்குக் கொண்டுபோன பென்டிரைவ் திரும்பி வரும்போது கோப்புறைகள் மறைந்து குறுக்குவழிகள் மட்டும் மிஞ்சுகின்றன. மறுபடியும் போமற், மறுபடியும் கூலி. பிரதியெடுத்துக் கைமாற்றுவதே நமது வழக்கம் என்றால், அதைத் திருட்டு என்று யாரும் சொல்ல முடியாதபடி உரிமமே அனுமதிக்கும் இயங்குதளம் லினக்ஸ்தான். இன்றைய உபுண்டுவின் நிறுவற்கோப்பு சுமார் 6 ஜிபி அளவுக்குப் பெருத்துவிட்டதால் கைப்பேசித் தரவில் அதை இறக்குவது பணச்செலவு. கிளிநொச்சியில் ஒருவர் இறக்கினால் தருமபுரம் வரை பென்டிரைவில் கைமாற்றலாம், அதுவும் சட்டப்படி.

பாமினி என்னும் தடை

வன்னி அலுவலகம் ஒன்றில் லினக்ஸை வைக்கப் போனால் முதலில் வரும் மறுப்பு விளையாட்டைப் பற்றியதோ வேகத்தைப் பற்றியதோ அன்று. “அதிலை பாமினி வராதாம்” என்பதே. கடிதம், கூட்டறிக்கை, வினாத்தாள், கோயில் விழா நோட்டீசு, கண்ணீர் அஞ்சலி ஆகியவற்றுட் பெரும்பகுதி இன்றும் பாமினியில் தட்டச்சு செய்யப்படுகிறது. பாமினி, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனியெண் கொடுக்கும் ஒருங்குறிக்கு (யுனிகோட்) முந்திய ஏற்பாடு: ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு அது. கணினிக்குத் தெரிந்தவரை அங்கே தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே இருக்கின்றன. எழுத்துருவை நீக்கினால் கோப்பு விளங்காத எழுத்துக் குவியலாகிவிடும். தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, கைப்பேசியில் வாசிக்க முடியாது.

மறுப்பு உண்மையுமன்று. பாமினி ஒரு எழுத்துருக் கோப்பு. லினக்ஸில் அதை இருமுறை சொடுக்கி நிறுவினால் லிப்ரே ஒபிஸ் என்ற அலுவலக மென்பொருளில் அதே விசைகளில் அதே தமிழ் வரும். ஒரு நுணுக்கத்தை மட்டும் அறிந்திருக்க வேண்டும்: லிப்ரே ஒபிஸ் ஆங்கிலம் போன்ற எழுத்துகளுக்கு ஓர் எழுத்துருவையும், தமிழ், சிங்களம் போன்றவற்றுக்கு வேறோர் எழுத்துருவையும் தனித்தனியே வைத்துக்கொள்கிறது. பாமினி உரை கணினியின் கண்ணுக்கு ஆங்கிலம் என்பதால் முதலாவது இடத்தில் அதைக் குறிக்க வேண்டும். ஒருங்குறித் தமிழுக்கு இரண்டாவது இடம். இதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். சொல்லிக் கொடுக்க ஆளில்லாததால் பலர் ஒரே நாளில் விண்டோஸுக்குத் திரும்பியிருக்கின்றனர்.

ஒருங்குறிக்கு மாற விரும்புவோருக்கும் வழி அடைபட்டிருக்கவில்லை. இலங்கைத் தர நிறுவனத்தின் எஸ்எல்எஸ் 1326 தரம் ரெங்கநாதன் விசைப்பலகையை ஏற்றுக்கொண்டது. பாமினிக்குப் பழகிய விரல்களுக்கு அவ்வமைப்பு பெரிதும் அந்நியமாகத் தோன்றாது. லினக்ஸில் கூடுதல் உள்ளீட்டுப் பொதியொன்றை நிறுவினால் ரெங்கநாதன், தமிழ்99, தட்டச்சுப்பொறி முறை ஆகிய எல்லாம் தெரிவுப் பட்டியலில் வரும். இந்திய மொழிகளுக்கான லோகித் எழுத்துருக்களைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது ரெட் ஹற் என்பதும், அவற்றுள் தமிழும் ஒன்று என்பதும், வணிக நிறுவனத்தின் சந்தாப் பணத்தில் ஒரு துளி நமக்கும் வந்து சேர்ந்ததற்குச் சான்று. மாறாக, விண்டோஸோடு வரும் லதா, நிர்மலா போன்ற எழுத்துருக்கள் லினக்ஸில் இல்லை. பிரதேச செயலகத்திலிருந்து வந்த படிவத்தைத் திறக்கும்போது வேறு எழுத்துரு அவ்விடத்தில் அமர்ந்து, ஒரு பக்கப் படிவம் இரண்டு பக்கமாகிவிடுவது இதனாற்றான்.

லினக்ஸ் ஆர்வலர்கள் மறைக்கும் குறைகளும் உண்டு. வன்னியில் கணினியை மிகக் கூடுதலாக உழைக்க வைப்பவை புகைப்படக் கலையகங்களும் பதாகை அச்சகங்களும்: திருமணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் அல்பம் எல்லாம் போட்டோசொப்பில் உருவாகின்றன. அடோபி அதை லினக்ஸுக்கு வெளியிடவில்லை. லினக்ஸில் ஓடும் படத்திருத்தியான கிம்ப்பும் வரைகலைக் கருவியான இங்க்ஸ்கேப்பும் நல்ல மென்பொருள்கள். ஆனால் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த அல்ப வார்ப்புருக்களை அவை அப்படியே திறந்து தராது. அக்கலையகத்துக்கு லினக்ஸைப் பரிந்துரைப்பவர் அதன் பிழைப்பை அறியாதவர். அச்சுப்பொறிகளிலும் அப்படியே: சில வகைகள் செருகியவுடன் ஓடும், சில மலிவு லேசர் பொறிகளுக்கு இயக்கி (டிரைவர்) தேடி ஒரு மாலைப்பொழுது கழியும். கணக்காளரின் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடுமானால் அவ்விடத்திலும் பேச்சு முடிந்தது.

யார் பொறுப்பேற்பது

கேரளத்தின் அரசுப் பாடசாலைகள் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றன. அங்கே இலட்சக்கணக்கான மாணவர்கள் லினக்ஸிலேயே கணினி கற்கின்றனர். எந்த நிறுவனமும் அதை விற்கவில்லை. ‘ஐடி அட் ஸ்கூல்’ என்று தொடங்கி இன்று ‘கைட்’ எனப்படும் அரச அமைப்பு, உபுண்டுவை எடுத்து மலையாளத்தையும் பாடத்திட்ட மென்பொருளையும் சேர்த்துத் தன் பதிப்பாக்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்து, பழுதுக்குப் பொறுப்பும் ஏற்றது. மறுபுறம், ஏறத்தாழ 15,000 கணினிகளை 2013 அளவில் லினக்ஸுக்கு மாற்றி முடித்த ஜேர்மனியின் மியூனிக் நகரசபை, 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்தது. நிரல் இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒன்றே. பொறுப்பின் ஏற்பாடு வேறு, அதைத் தாங்கிய அரசியல் விருப்பமும் வேறு.

வன்னியில் அப்பொறுப்பை ஏற்கக்கூடியவர்கள் யார்? 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்திலும் படிப்பவர்கள் சேவையகமும் மேகக் கணிமையும் கற்கும்போது லினக்ஸைத் தவிர்க்க முடியாது. ஆனால் அவர்கள் அதைக் கொழும்பு நிறுவனத்தின் வேலைக்கான தகுதியாகக் கற்கின்றனர்; ஊர்க் கடையின் தொழிலாக யாரும் அதை எண்ணுவதில்லை. கடைக்காரருக்கும் தயக்கத்துக்கு நியாயம் உண்டு. அவருடைய வருமானத்தில் ஒரு பங்கு சில மாதங்களுக்கு ஒரு முறை திரும்பி வரும் அதே கணினியிலிருந்து வருகிறது. அடிக்கடி போமற் கேட்காத இயங்குதளம் அவருக்கு நட்டம், அவர் அதே கூலி முறையில் இருக்கும்வரை. ரெட் ஹற் 2002இல் பெட்டியிலிருந்து சந்தாவுக்கு மாறியதுபோல, ஒவ்வொரு முறையும் வாங்கும் கூலியை ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமாக மாற்றினால் கணக்கு தலைகீழாகும்: கணினி குறைவாகப் பழுதாகுமளவுக்குக் கடைக்கு இலாபம். குளிரூட்டிக்கும் போட்டோக் கொப்பி இயந்திரத்துக்கும் இத்தகைய ஒப்பந்தம் எழுதும் அலுவலகங்களுக்கு இது புரியாத விடயமன்று.

எல்லாக் கணினியையும் மாற்றவும் தேவையில்லை. கலையகத்தை விட்டுவிடலாம். வரவேற்பு மேசையில் கடிதமும் மின்னஞ்சலும் மட்டும் பார்க்கும் கணினி, கல்வி நிலையத்து மாணவர் கணினிகள், விண்டோஸ் 11 ஏற்காத 6ஆம், 7ஆம் தலைமுறை மடிக்கணினிகள் ஆகியவற்றில் 4 ஜிபி நினைவகம் இருந்தால் உபுண்டு 24.04 ஓடும், 8 இருந்தால் நன்றாக ஓடும், குறைந்த வலுவுள்ளவற்றுக்கு உபுண்டுவின் இலகுவான வடிவமான லுபுண்டு பொருந்தும். நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே இயக்கி, வைஃபையும் அச்சுப்பொறியும் ஒலியும் வேலை செய்கின்றனவா என்று வாடிக்கையாளரின் கண்முன்னே பார்த்துக்கொள்ளலாம். அப்பதிப்புக்கான வழமையான திருத்தங்கள் 2029 வரையும், ஐந்து கணினிகளுக்குள் அடங்கும் சிறிய அலுவலகம் உபுண்டு புரோவில் பதிந்துகொண்டால் 2034 வரையும் வரும். கடைக்காரர் தன் பற்றுச்சீட்டில் கூலித் தொகைக்குக் கீழே அந்த ஆண்டையும், அதுவரை யாருக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும் என்ற இலக்கத்தையும் எழுதிக் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறாரா என்பதைத்தான் வாடிக்கையாளர் கேட்க வேண்டியிருக்கிறது.